பெருவளம் எதிர் பெருவளம்

கிழக்குத் திசையின் வரைபடத்தை நான்காக மடித்தால் மடிப்பு விழுகிற இடத்தில் ஒரு நாடு இருந்தது. மடிப்புக்குள் இருந்ததால் வெளியே இருந்தவர்கள் அதைச் சரியாகப் பார்த்ததில்லை. உள்ளே இருந்தவர்களுக்கும் வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாது. மடிப்புநாடு என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. அங்கே தேயிலை விளைந்தது, பட்டு விளைந்தது, ஆற்றங்கரைகளில் வாத்துகள் ஏராளமாய் மேய்ந்தன. ஆளுவதற்கு ஆட்களும் குறைவில்லாமல் கிடைத்தார்கள்.

அந்த நாட்டின் முதற்பெருந்தகையாக நெடுமாண்பன் பொறுப்பேற்ற நாளில் ஓர் உரை நிகழ்த்தினார். எழுதிக் கொடுத்த தாளில் "என் ஆட்சியில் ஒவ்வோர் ஊரும் பெருவளம் அடையும்" என்று இருந்தது. அவர் "பெருவளம் ஆகும்" என்று வாசித்துவிட்டார். மடிப்புநாட்டில் ஆள்பவரின் நாக்கு தடுமாறுவதில்லை. தடுமாறினால் நாடுதான் சற்று நகர்ந்து அதற்கு இடம் கொடுக்கும். ஆகவே ஊர்கள் பெருவளம் ஆகத் தொடங்கின. வளத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைவிடப் பெயர்ப்பலகையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எளிது என்பதை அதிகாரிகள் விரைவில் கண்டுகொண்டார்கள். அடுத்த அறுவடைக்குள் நாட்டின் பாதி ஊர்களுக்குப் பெருவளம் என்று பெயர். மீதிப் பாதி வரிசையில் நின்றது.

வாத்துத்துறை என்ற ஊருக்குப் பலகை வந்து இறங்கியபோது வேம்பாயி ஆற்றில் இருந்தாள். அந்த ஊரில் வாத்து மேய்க்கிற குடும்பங்கள் சில உண்டு. அவளுடையதுதான் பெரிய கூட்டம். அவள் கணவன் சடையன் கரையில் நின்று கத்தினான்.

"ஏய், வேம்பாயி! பெருவளம் வந்துருச்சாம். வந்து பாரு!"

"எங்கய்யா வந்திருக்கு?"

"பலகையில!"

"அங்கயே இருக்கட்டும். வாத்து மெரளும்" என்றாள் அவள்.

ஊர் அமைந்திருந்த வட்டம் சும்மா இருக்குமா? உள்ளே இருக்கிற ஊர் பெருவளம், வெளியே இருக்கிற வட்டம் வெறும் வட்டமா என்று வட்ட அலுவலகத்தார் வருந்தினார்கள். வட்டத்துக்கும் பெருவளம் என்றே பெயர் மாறியது. இந்த நேரம் பார்த்து ஆற்றின் மேல்துறையில் ஒரு பசை ஆலை எழும்பியது. தோலையும் எலும்பையும் பெரிய கொப்பரைகளில் காய்ச்சிப் பசை எடுக்கிற ஆலை. முதற்பெருந்தகையின் படங்களை நாடெங்கும் சுவர்களில் ஒட்ட வேண்டியிருந்ததால் பசைக்குப் பெரும் தேவை ஏற்பட்டிருந்தது. ஆலையின் உரிமையாளர் தென்னவராயன், முதற்பெருந்தகையின் தங்கை மகன். ஆற்றில் நீர் எடுக்க அவர் அனுமதி கேட்கவில்லை. விசாரித்துப் பார்த்தார். பெருவளம் ஆற்று நீரைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பழைய உத்தரவு ஒன்று ஏற்கெனவே இருந்தது. அது ஊருக்குக் கொடுத்தது, ஊரின் பெயர் மாறியபோது உத்தரவிலும் பெயர் மாறியிருந்தது. தென்னவராயன் தம் ஆலைக்குப் பெருவளம் என்று பெயர் வைத்தார். வேலை முடிந்தது.

மக்கள் குழம்பவில்லை. குழப்பம் இல்லாமல் வாழ அவர்களுக்கு எப்போதும் ஏதாவது ஒரு வழி தெரியும். ஊர்ப் பெருவளம், ஆலைப் பெருவளம், வட்டப் பெருவளம் என்று பெயருக்கு முன்னால் ஒரு சொல்லை ஒட்டிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்களும் பெருவளமே என்பதால் மேலப் பெருவளம், கீழப் பெருவளம், சின்னப் பெருவளம் என்றும் வழங்கினார்கள். இந்தச் செய்தி தலைநகரில் இருந்த பெயர்த்துறை அமைச்சர் சொல்லேர்வாணரின் காதுக்கு எட்டியது. அவர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"கீழப் பெருவளம் என்கிறார்கள். நம் ஆட்சியில் யாரோ கீழே இருக்கிறார்கள் என்று பொருள் வருகிறதே?" என்றார் அமைச்சர்.

"வருகிறது, ஐயா" என்றார் செயலாளர்.

"சின்னப் பெருவளம் என்றால், வளம் சின்னது என்று ஆகிறது."

"ஆகிறது, ஐயா. பெரிய பெருவளம் என்றும் ஒன்று இருக்கிறது. அதையாவது விட்டுவைக்கலாமா?"

"கூடாது. பெரியது என்றால் சின்னது நினைவுக்கு வரும்."

"ஊர்ப் பெருவளம், ஆலைப் பெருவளம்?"

அமைச்சர் கண்களை மூடிக்கொண்டார். "மக்களையும் தொழிலையும் பிரிக்கும் சூழ்ச்சி. எல்லாவற்றையும் வெட்டுங்கள். வளம் ஒன்றுதான். பெயரும் ஒன்றுதான்."

இதுவே ஒட்டுநீக்க ஆணை எனப்பட்டது. பெயருக்கு முன்னாலும் பின்னாலும் எதையும் ஒட்டிப் பேசுவது குற்றம் ஆயிற்று. ஆணையின் அச்சிட்ட படியை எல்லாச் சுவர்களிலும் ஒட்டினார்கள். பசை ஆலைக்குக் கூடுதல் வேலை கிடைத்தது.

அதன்பின் பெருவளத்துக்கென்று நியமிக்கப்பட்ட மருத்துவர் நேரே ஆலைக்குப் போய்ச் சேர்ந்தார். ஆலைக்கு வர வேண்டிய எலும்பு மூட்டைகள் பள்ளிக்கூட வாசலில் வந்து இறங்கின. பிள்ளைகள் சில நாள் அவற்றின் மேல் உட்கார்ந்து படித்தார்கள். பெருவளத்தில் பெண் எடுத்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் மேளதாளத்தோடு வட்ட அலுவலகத்துக்குள் நுழைந்துவிட, அங்கிருந்த எழுத்தர் வெற்றிலை பாக்கு வாங்கி வரவேற்க நேர்ந்தது. ஊர்த்தலைவர் தேர்தலும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. வேட்பாளர்கள் இருவர். ஒருவர் பெயருக்கு எதிரே "பெருவளம்" என்று எழுதியிருந்தது. மற்றவர் பெயருக்கு எதிரேயும் அப்படியே. இருவருமே ஊர்க்காரர்கள்தான் போலிருக்கிறது என்று மக்கள் வாக்களித்தார்கள். வென்றவர் ஆலையின் மேலாளர்.

இதையெல்லாம் வேம்பாயி பொருட்படுத்தவில்லை. யார் தலைவரானாலும் வாத்துக்கு நீர் வேண்டும், நீர் இருந்தது. அந்த நம்பிக்கையும் ஒரு நாள் காலையில் போயிற்று.

வாத்துகளை ஆற்றில் இறக்கினாள். அவை நீந்திப் போய் நடு ஆற்றில் நின்றன. நின்றவை நின்றபடியே இருந்தன. கழுத்தை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பின. நீரில் அலை இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஆற்றின் மேல் வாத்துப் படங்களை ஒட்டிவைத்ததுபோல் இருந்தது. வேம்பாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். இடுப்பளவு நீர் அவளை விட மறுத்தது. ஒவ்வொரு வாத்தாகப் பிய்த்து எடுத்துக் கரையில் போட்டாள். இறகோடு இறகு ஒட்டிப்போன வாத்து மிதக்காது, பறக்காது, கொத்திக் கொத்தித் தன்னையே ரணமாக்கிக்கொண்டு சாகும். அந்த வாரத்தில் பாதிக் கூட்டம் செத்தது.

"மழைக்கு முன்னாடி ஆறு தெளியலேன்னா மீதியும் போயிரும். அதுக்கப்புறம் நான் என்ன பண்ணுவேன்? எனக்கு வேற என்னய்யா தெரியும்?" என்றாள் சடையனிடம்.

"எனக்கும் தெரியாதுதான். அதனாலதான உன்னக் கட்டுனேன்" என்று சொல்லிப் பார்த்தான் சடையன். அவள் சிரிக்கவில்லை. அவன் எழுந்து சட்டையை மாட்டினான். "கெளம்பு. மனு குடுப்போம்."

தலைவர் ஆலைக்காரர் ஆகிவிட்டதால் ஊர் சார்பில் போக ஆள் இல்லை. இவர்கள் இருவருமே போனார்கள். சாட்சிக்கு ஒட்டிப்போன ஒரு வாத்தைக் கூடையில் எடுத்துக்கொண்டார்கள்.

வட்டப் பெயராணையர் இளவழுதியார் இலக்கணம் கற்றவர். வழக்குகளைப் பெயரின் அடிப்படையில் தீர்த்துவைக்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. மேல் இருக்கையில் அமர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆலையின் சார்பில் ஒரு வழக்கறிஞர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார்.

"முறையிடுபவர் யார்?"

"பெருவளத்துக்காரங்க, ஐயா" என்றாள் வேம்பாயி.

"யார்மேல்?"

"பெருவளத்து மேல."

"விசாரிப்பது?"

எழுத்தர் எழுந்து, "பெருவளம், ஐயா. நாம்தான்" என்றார்.

இளவழுதியாரின் முகம் மலர்ந்தது. "எவ்வளவு ஒற்றுமை! முந்தைய ஆட்சியில் ஒரு வழக்கு என்றால் மூன்று பெயர்கள் வேண்டியிருந்தன. இப்போது ஒரே பெயரில் முடிகிறது." பிறகு வேம்பாயியை இரக்கத்தோடு பார்த்தார். "அம்மா, தன்மேல் தானே குற்றம் சுமத்துவதைச் சட்டத்தில் ஒப்புதல் வாக்குமூலம் என்போம். நீங்கள் நேர்மையானவர்."

"ஐயா, ஊரு வேற, ஆலை வேறங்க. ஊரு எங்கயாச்சும் பசை காய்ச்சுமா?"

"ஒட்டு! ஒட்டு!" என்று எழுத்தர் பதறினார்.

"எங்க ஒட்டுச்சு? நான் முன்னாடியும் ஒட்டல, பின்னாடியும் ஒட்டல. வாத்துதான் ஒட்டியிருக்கு, இந்தா பாருங்க" என்று சடையன் கூடையைத் திறந்தான். வாத்து பரிதாபமாகத் தலையை நீட்டியது. இளவழுதியார் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"மூடுங்கள். விளக்குகிறேன். 'ஊர் சிரித்தது' என்கிறோம். ஊரா சிரித்தது? ஊருக்கு வாய் உண்டா? ஊரில் உள்ளவர்கள் சிரித்தார்கள். இலக்கணத்தில் இதற்கு இடவாகுபெயர் என்று பெயர். அதுபோலவே 'பெருவளம் பசையைக் கொட்டியது' என்றால், கொட்டியவர்கள் பெருவளத்தில் உள்ளவர்கள். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள்?"

"பெருவளத்துல."

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் எழுத்தரிடம்.

"அது சரிதாங்க. ஊர் சிரிக்கும்னு சொன்னீங்கல்ல, சிரிக்கத்தான் போவுது" என்றான் சடையன். அதுவும் எழுதப்பட்டது.

தீர்ப்பு இரண்டு பகுதிகளாக இருந்தது. ஆறு கெட்டுப்போனதால் பெருவளம் பெரிதும் பாதிக்கப்பட்டிருக்கிறது, ஆகவே ஆற்றின் மறுகரை முழுவதும் பெருவளத்துக்கு இழப்பீடாக வழங்கப்படுகிறது என்பது முதல் பகுதி. வழக்கறிஞர் உடனே எழுந்து நின்று, "அது நாங்கள்தான்" என்று வணங்கினார். ஆற்றைக் கெடுத்த குற்றத்துக்காகப் பெருவளம் மழைக்காலத்துக்கு முன் ஆற்றங்கரையை விட்டு அகல வேண்டும் என்பது இரண்டாம் பகுதி. அதை வாசிக்கும்போது வழக்கறிஞர் உட்கார்ந்துவிட்டார். நின்றுகொண்டிருந்தவர்கள் வேம்பாயியும் சடையனும் மட்டுமே.

சில நாள் கழித்து இளவழுதியார் தாமே ஊருக்கு வந்தார். கூடவே பலகை எழுதுபவரும் வண்ண டப்பாக்களோடு வந்தார். ஊரார் கூடினார்கள்.

"உங்களை அகற்றும் ஆணையை எழுதுவதில் சிறு சிக்கல். 'பெருவளத்தை அகற்றுக' என்று எழுதினால் ஆலையும் அகல நேரும். அது நாட்டு நலனுக்கு உகந்ததல்ல. ஆகவே அகல்வதற்கு முன் நீங்கள் வேறு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும்" என்றார்.

வேம்பாயி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "அப்போ ஊரு வேற, ஆலை வேறன்னு உங்களுக்குத் தெரியுது!"

"நிர்வாக வசதிக்காகத் தெரிகிறது. நீதிக்காகத் தெரியாது."

"வாத்துத்துறைன்னே எழுதிக்குங்க. எங்க பழைய பேரு."

"அது இயலாது. பழைய பெயரைக் கேட்பது பழைய காலம் நன்றாக இருந்தது என்று சொல்வதாகும். புதிய பெயராக, மங்கலமானதாக இருக்க வேண்டும். இன்று மாலைக்குள்."

யாரோ நாவல்மேடு என்றார்கள். மேடு என்றால் எங்கோ பள்ளம் இருக்கிறது என்று பொருள், தள்ளினார். யாரோ புதுத்துறை என்றார்கள். துறை இனி இல்லை, தள்ளினார். அன்று காலையிலும் வேம்பாயியின் வாத்துகளில் சில செத்திருந்தன. அவள் கைகளில் பசை காய்ந்து வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது. பொறுமை போய்விட்டது.

"என்ன மங்கலம் வேண்டிக் கெடக்கு? நாடு பூரா பேரு வச்சாரே ஒருத்தரு, அந்த மனுசன் பேரையே வச்சுட்டுப் போங்க! அவரு பேரு வச்ச ஊரு நாறட்டும்!"

சடையன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். ஆனால் இளவழுதியாரின் கண்களில் நீர் திரண்டது. கடைசி வாக்கியம் அவர் காதில் விழவே இல்லை, அல்லது விழுந்தும் உள்ளே போகவில்லை.

"அம்மா! தண்டிக்கப்பட்ட ஓர் ஊர் முதற்பெருந்தகையின் பெயரையா கேட்கிறது! எழுதும், ஐயா, எழுதும்!"

பலகைக்காரர் எழுதினார்: நெடுமாண்பன். அன்றே பதிவும் ஆயிற்று.

அலுவலகம் திரும்பியதும் எழுத்தர் அகற்றும் ஆணையை வரைவு செய்தார். மடிப்புநாட்டில் முதற்பெருந்தகையின் பெயர் எங்கு வந்தாலும் 'அவர்கள்' சேர்க்க வேண்டும், வினையும் மரியாதையோடு முடிய வேண்டும் என்பது நெடுநாள் விதி. ஆகவே அவர் எழுதினார்: "மழைக்கு முன் நெடுமாண்பன் அவர்களை அகற்றுக. மறுத்தால் காவலரைக் கொண்டு அப்புறப்படுத்துக." எழுதிவிட்டு ஒருமுறை வாசித்தார். தாளை இளவழுதியாரின் மேசையில் வைத்துவிட்டு விடுப்பு எடுத்துக்கொண்டார்.

இளவழுதியார் அதை மேலிடத்துக்கு அனுப்பினார். மேலிடம் அதற்கும் மேலே அனுப்பியது. ஒவ்வொரு மேசையிலும் அந்தத் தாளைத் தொட்டவர் கை கழுவிக்கொண்டார். கடைசியில் அமைச்சர் சொல்லேர்வாணரிடம் அது வந்து சேர்ந்தது.

"இதில் கையெழுத்துப் போட்டவர் யார்?"

"இதுவரை யாருமில்லை, ஐயா."

"நல்ல மரபு. தொடரட்டும்" என்றார் அமைச்சர்.

ஊர் அகலவில்லை. ஆனால் ஆறு இன்னும் நாறிக்கொண்டிருந்தது. அப்போது தலைநகரின் நாளிதழில் ஒரு செய்தி வந்தது. எழுதிய நிருபருக்கு எந்தத் தீய எண்ணமும் கிடையாது. விதிகளை அறிந்தவர், விதிப்படி எழுதினார். "நெடுமாண்பன் அவர்கள் கடுமையாக நாறுகிறார். அவர்களைக் கடந்து செல்வோர் மூக்கைப் பொத்திக்கொள்கின்றனர். அவர்களுள் கொசுக்கள் பெருகிவிட்டன. பசையால் அவர்கள் முற்றிலும் கெட்டுவிட்டதாக அருகில் வசிப்போர் தெரிவித்தனர்."

நாளிதழை எரிக்கலாம் என்றார்கள். எரித்தால் அதிலுள்ள பெயரும் எரியும், "நெடுமாண்பன் அவர்கள் எரிக்கப்பட்டார்" என்று பதிவேட்டில் எழுதும் நிலை வரும் என்று செயலாளர் சுட்டிக்காட்டினார். வேறு வழியில்லை. அன்று மாலையே படைவீரர்கள் வந்து ஆலையின் கழிவுக் கால்வாயை மண்கொட்டி மூடினார்கள். கொப்பரைகள் அணைந்தன.

ஆறு மெல்ல மெல்ல இளகியது. முதலில் நடுவில் ஒரு கோடு ஓடியது, பிறகு அகலமாயிற்று. மழை வருவதற்குள் அடிமணல் தெரிந்தது. மீந்திருந்த வாத்துகளை வேம்பாயி பயந்து பயந்து இறக்கினாள். அவை மிதந்தன. ஒன்று தலைகீழாகக் கவிழ்ந்து நத்தை பொறுக்கியது.

"நீ வஞ்ச வசவு பலிச்சிருச்சுடீ" என்றான் சடையன். "இன்னும் ரெண்டு வையி, கூரை மாத்திக் குடுப்பாங்க."

அவன் சொன்னது வேடிக்கைக்கு. நடந்தது அப்படியே. பள்ளிக்கூடச் சுவர் விரிசல் விட்டிருப்பதாக ஊரார் எழுதிப் போட்டார்கள். "நெடுமாண்பன் அவர்கள் இடிந்து விழும் நிலையில் உள்ளார்" என்று கோப்பில் எழுத ஒருவருக்கும் துணிவில்லாததால் சுவர் எழும்பியது. மருத்துவரும் ஆலையிலிருந்து ஊருக்கு வந்து சேர்ந்தார். செய்தி ஆற்றோடு கீழே போயிற்று, பாதையோடு மேலே போயிற்று. அக்கம்பக்கத்துப் பெருவளங்கள் எல்லாம் பெயராணையரின் வாசலில் வரிசை கட்டின. எல்லாரும் ஒரே பெயரைக் கேட்டார்கள். மழை ஓய்வதற்குள் மடிப்புநாட்டில் நெடுமாண்பன் அல்லாத ஊர் இல்லை. நாடு உண்டான காலத்திலிருந்து முதன்முறையாக அந்த ஒரு பருவம் நல்லாட்சி நடந்தது. நடத்தியவர்கள் அதை உணரவில்லை.

முதற்பெருந்தகை மாளிகை மாடத்தில் நின்று கண் கலங்கினார். "மக்கள் தங்களை என் பெயரால் அழைத்துக்கொள்கிறார்கள். இந்த அன்புக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?"

அருகில் நின்ற தென்னவராயன் ஆலை மூடிய துக்கத்தில் சற்று மெலிந்திருந்தார். "மாமா, அதையே கேட்க வந்தேன். இந்த ஊர்களெல்லாம் யார் பெயரில் இருக்கின்றன?"

"என் பெயரில்தான்."

"ஒரு வீடு ஒருவர் பெயரில் இருந்தால் அது யாருடையது?"

முதற்பெருந்தகை கீழே தெரிந்த கூரைகளை எண்ணத் தொடங்கினார். அவருக்கு அப்படி ஓர் எண்ணமே இதுவரை வந்ததில்லை. வந்த பிறகு போகவும் இல்லை. பதிவுத்துறைத் தலைவரை வரவழைத்தார்கள். அவர், எந்தச் சொத்து யார் பெயரில் இருக்கிறதோ அவரே அதன் உரிமையாளர் என்பதும், நாட்டின் எல்லா ஊர்களும் நெடுமாண்பன் அவர்கள் பெயரில் இருப்பதும், ஊரார் தாங்களே வரிசையில் நின்று வேண்டி விரும்பி அப்படி எழுதிக் கொடுத்திருப்பதும் உண்மை என்று உறுதி செய்தார். முதற்பெருந்தகைக்குப் பிள்ளை இல்லை. தம் பெயரில் உள்ள அனைத்தையும் தங்கை மகனுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். இந்த ஆணையில் கையெழுத்துப் போட எல்லா மேசைகளிலும் பேனா கிடைத்தது.

ஒரு மாலையில் இளவழுதியார் மறுபடியும் ஊருக்கு வந்தார். இப்போது அவர் அரசு அதிகாரியா, ஆலை அதிகாரியா என்று பிரிப்பது ஒட்டுநீக்க ஆணைப்படி குற்றம். கூடவே அதே பலகைக்காரர். வீடு வீடாகப் போனார்கள். கதவுகளில் சிறு பலகைகளை அறைந்தார்கள். கிணறு, பாதை, பள்ளிக்கூடத்தின் புதுச்சுவர், களம், எல்லாம் முடித்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தார்கள். வேம்பாயி கையில் தவிட்டுக் கூடையோடு நின்றிருந்தாள். வாத்துகள் நடு ஆற்றில் இருந்தன. மழைக்குப் பின் பொரித்த குஞ்சுகளும் சேர்ந்து கூட்டம் மறுபடி பழைய அளவுக்கு வந்திருந்தது.

"கால்வாயைத் தொறக்கப் போறீங்களாமே?" என்றாள்.

"நாளை. ஆறும் உரியவரிடம் சேர்ந்துவிட்டது. இந்த வாத்துகள் யார் பெயரில் இருக்கின்றன?"

"யாரு பேர்லயும் இல்ல. என்னுது."

"உங்கள் பெயரில் இருக்கின்றனவா?"

"வாத்துக்கு எதுக்குங்க பேரு?"

இளவழுதியார் பெருமூச்சு விட்டார். "இதுதான் தொல்லை. உங்கள் பெயரில் இல்லையென்றால் உங்களுடையவை அல்ல. பெயரே இல்லையென்றால் உரிமை மாற்றி எழுத முடியாது. பரவாயில்லை. கரைக்கு வர நீங்கள் எப்படி அழைப்பீர்களோ அப்படி அழையுங்கள். அந்தப் பெயரையே எழுதிக்கொள்கிறோம்."

பலகைக்காரர் தூரிகையை வண்ணத்தில் தோய்த்துக்கொண்டார்.

வேம்பாயி வாயைத் திறந்தாள். அப்படியே மூடிக்கொண்டாள். சடையன் விவரம் புரியாமல் வாத்துகளைக் கூப்பிட உதட்டைக் குவித்தான். அவள் கூடையைக் கீழே போட்டுவிட்டு அவன் வாயைப் பொத்தினாள்.

"என்னடீ..."

"பேசாம இரு."

வெயில் தணிந்தது. தூரிகை நுனியில் வண்ணம் காய்ந்தது, பலகைக்காரர் மறுபடி தோய்த்தார். மறுபடியும் காய்ந்தது. வாத்துகள் கரையைப் பார்ப்பதும், திரும்பி நீரில் கவிழ்வதுமாய் இருந்தன. வேம்பாயி அவற்றின் பக்கமே பார்க்கவில்லை. பார்த்தால் வாய் தானாகத் திறந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். இளவழுதியார் ஒரு கல்லில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "இது அரசின் நேரம், அம்மா" என்றார். அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். இவர் சலித்துப்போய் எழுந்து போய்விட்டால் இருட்டுக்குள் கூட்டத்தை ஆலையையும் தாண்டி மேலே ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்பது ஒன்றே அவள் கணக்கு. இளவழுதியார் எழுந்தும்விட்டார். குடையை எடுத்துக்கொண்டார்.

அப்போது வாத்துகள் தாமாகவே திரும்பின. ஒன்றன்பின் ஒன்றாக நீந்தி வந்து கரையேறி, சிந்திக் கிடந்த தவிட்டை நோக்கி ஆடி ஆடி ஓடி வந்தன. ஒருவரும் கூப்பிடாமல் வந்த அந்தக் கூட்டத்தைப் பார்த்து இளவழுதியார் வியந்து நின்றார்.

"ஒருவரும் அழைக்கவில்லையே! பிறகு எதைக் கேட்டு வந்தன?"

வேம்பாயி குனிந்து தவிட்டை அள்ளிக்கொண்டிருந்தாள். அவர் கேட்டது அவள் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தது. காலையிலிருந்து தானும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"பசிங்க. வேறென்ன?"

"பசி" என்றார் இளவழுதியார் பலகைக்காரரிடம், திருப்தியோடு. பலகைக்காரர் அழகான எழுத்தில் அதை எழுதி, கீழே தென்னவராயன் பெயரையும் எழுதினார். மடிப்புநாட்டில் அதுவரை யார் பெயரிலும் இல்லாமல் இருந்தது அது ஒன்றுதான்.